பழைய இரட்டைக்குழல்: அறுப்பதா, விடுவதா?

ஒக்ரோபர் 4
இங்கிலாந்தின் பேர்மிங்காமில் செய்த, 12 போர் (குழல்விட்ட அளவு) இரட்டைக்குழல் துவக்கு. சுத்தியல் வெளியே தெரியும் பழைய வகை. கேட்கப்பட்ட வேலை மூன்று: குழலை நாலு அங்குலம் அறுக்கவேண்டும், தோட்டா அறையை 70 மில்லிமீற்றருக்கு நீட்டவேண்டும், புதிதாகக் கறுப்பேற்றவேண்டும். முதலில் அனுமதிப்பத்திரம். அதிலுள்ள இலக்கமும் துவக்கில் பொறித்த இலக்கமும் ஒத்திருக்கவேண்டும். இந்த வருடத்துக்குக் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) புதுப்பித்தும் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் திருப்புளியையே எடுக்கத் தேவையில்லை.

ஒக்ரோபர் 5
குழலைக் கழற்றி, அடியிலுள்ள தட்டையான பகுதியை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்ததும் முத்திரைகள் தெரிந்தன. அவற்றில் ஒன்று 'நொட் ஃபோர் போல்', அதாவது தனிக்குண்டு சுடுவதற்கல்ல. 1875 முதல் 1887 வரை சோக் (வாயோரம் உள்ளே சற்று ஒடுங்கும் அமைப்பு) வைத்த குழலுக்கு அடித்த முத்திரை அது. புகையில்லா வெடிமருந்தால் சுட்டுச் சோதித்ததைக் காட்டும் முத்திரை பேர்மிங்காமில் 1896இல்தான் வந்தது. இதில் அது இல்லை. ஆக இது கரிமருந்துக்குச் செய்த துவக்கு. துடைத்த இடத்தில் சுருள்கோலமும் தெரிகிறது: இரும்பும் உருக்கும் முறுக்கிச் சுற்றி அடித்த டமஸ்கஸ் குழல்.

ஒக்ரோபர் 8
அளவெடுப்பு. குழலை விரலில் தொங்கவிட்டு மரக்குச்சியால் தட்டினால் கோயில் மணிபோல் நீண்டு ஒலிக்கவேண்டும். இது கரகரத்து அடங்கியது. குழல்களுக்கு இடையிலுள்ள பட்டியில் எங்கோ ஈயப்பற்று விட்டிருக்கிறது.

அறை 65 மில்லிமீற்றர். குழற்சுவர் வலப்பக்கம் நல்ல தடிப்பு. இடப்பக்கம் நடுவில் ஓரிடத்தில் 0.45 மில்லிமீற்றர்தான், 0.5க்குக் கீழே போனாலே கவலைப்படவேண்டும். உள்ளே இருந்த கறள் பள்ளங்களை எப்போதோ யாரோ உரசி எடுத்திருக்கிறார்கள். பளபளப்பு வந்தது, இரும்பு போனது.

இந்த அளவோடு அறை நீட்டும் பேச்சு முடிந்தது. அறைமுனையில் சீவி எடுக்கும் ஒவ்வொரு இரும்புச் சுருளும் அழுத்தம் கூடிய இடத்திலிருந்தே போகும். திரும்பச் சோதனைக்கு அனுப்பாமல் அப்படி நீட்டிய துவக்கைச் சுடவும் கூடாது. நீட்டாமல் 70 தோட்டாவைப் போடுவது இன்னும் மோசம். அந்த 70 என்பது சுட்டபின் விரிந்த நீளம். சுடாத தோட்டாவின் வாய் மடிந்திருப்பதால் 65 அறைக்குள் சுகமாக இறங்கிவிடும். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் குழலின் ஒடுங்கும் பகுதிக்குள் போய் வழியை நெரிக்கும், அழுத்தம் ஏறும். 'போகுது, மூடுது' என்பதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

ஒக்ரோபர் 9
குழல் அறுப்பதும் இல்லை. சோக் இருப்பது வாயோரத்துக் கடைசி ஒன்றிரண்டு அங்குலத்தில். நாலு அங்குலம் போனால் அது முழுக்கப் போய்விடும், குண்டு பரந்துவிடும், பட்டியின் முனையும் திறந்துவிடும். சட்டச்சிக்கல் வேறு.

ஒக்ரோபர் 12
கறுப்பேற்றுவதில்தான் அதிகம் கெடுக்கிறார்கள். புதுத் துவக்குக்குச் செய்யும் கொதிகார உப்புக் குளியலில் இதைப் போட்டால், பட்டியைப் பிடித்திருக்கும் ஈயமும் வெள்ளீயமும் கரைந்துவிடும். பட்டிக்கடியில் தங்கும் உப்பு பின்னர் கறளாக வெளியே வரும். எமரிக் கடதாசியும் வேண்டாம். கோலமும் முத்திரையும் சேர்ந்தே தேயும். செய்தது இவ்வளவுதான்: மெல்லிய ஒயில் பூசி ஓரிரவு விட்டு, மிக நுண்ணிய உருக்குக் கம்பளியால் சிவந்த கறளை மட்டும் தளர்த்தித் துடைத்தது. பழைய பழுப்பு அப்படியே இருக்கிறது. பட்டியைத் திரும்ப ஒட்டுவது அதில் கைபழகியவர் வேலை.

ஒக்ரோபர் 20
பிடிமரத்தின் தலை ஒயிலில் ஊறிக் கறுத்து மெதுமெதுத்திருக்கிறது. வாய் மேலாக நிறுத்திவைத்தால் ஒயில் வடிந்து மரத்துக்குள்தான் போகும். நுண்ணிய சுண்ணக்கட்டித் தூளைப் பசையாக்கிப் பூசி, காய்ந்ததும் உதறி, மறுபடி பூசுகிறோம். மூன்றாம் பூச்சுக்கும் மஞ்சளாகத்தான் வருகிறது. புரியாணிகளைக் கழற்ற, திருப்புளி முனையை ஒவ்வொரு வெட்டுக்கும் அளவாக அரத்தில் தேய்க்கவேண்டியிருந்தது.

மாரிமழை தொடங்குமுன் இது திரும்பப் போகவேண்டும். சுடுவதற்கல்ல, வைத்திருக்க. வாய் கீழே, தோலுறை இல்லாமல், பூட்டிய அலுமாரியில். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். கடற்காற்று வீசும் ஊரில் ஒரு மாரிக்குள் உறைக்கடியில் கறள் ஏறிவிடும். மாதம் ஒருமுறை ஒயில் துணி. கைரேகை விழுந்தால் அன்றைக்கே.