ஃபைல் பண்ணினால் போதுமா?

சென்னையில் நான் பேட்டன்ட் ஏஜென்டாக வேலையை ஆரம்பித்த காலத்தில் எஃப்இஆர், அதாவது பேட்டன்ட் விண்ணப்பத்தைப் பரிசோதித்து ஆபீஸ் அனுப்பும் முதல் அறிக்கை, கைக்கு வரவே ஐந்தாறு வருடம் ஆகும். சிலருக்கு அது வரும்போது கம்பெனியே இருக்காது. இப்போது அப்படி இல்லை. 2016இல் ஸ்டார்ட்அப்களுக்கு விரைவுப் பரிசோதனை வந்தது, 2019இல் பெண்களுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் அதை நீட்டித்தார்கள், விண்ணப்பத்தைப் பரிசோதிக்கும் எக்ஸாமினர்களையும் நிறையப் பேரை எடுத்தார்கள். ஹியரிங்குக்காகக் கிண்டியில் உள்ள பேட்டன்ட் ஆபீஸுக்கு ஓட வேண்டியதில்லை, வீடியோவிலேயே முடிகிறது. 2014-15இல் நாடு முழுக்க 6,000 பேட்டன்ட்கூடக் கொடுக்கப்படவில்லை, 2023-24இல் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது.

சரி, தரம்? எல்லோரும் ஆபீஸைத்தான் திட்டுகிறார்கள். எனக்கு உறுத்துவது உள்ளே போகிற சரக்கு, அதாவது விண்ணப்பங்கள்.

ஒரு பொறியியல் கல்லூரியிலிருந்து ஃபைல் ஒன்று வந்தது. ஐஓடி, அதாவது இணையத்தோடு இணைத்த கருவிகள், மூலம் பயிருக்கு நீர் பாய்ச்சும் அமைப்பு, கண்டுபிடிப்பாளர்கள் என்று 12 பெயர். கிளெய்மை, அதாவது எதற்கு உரிமை கேட்கிறார்கள் என்று சொல்லும் பகுதியை, பார்த்தால் சென்சார், மைக்ரோகன்ட்ரோலர், மொபைல் ஆப் மூன்றையும் அடுக்கி "கொண்ட அமைப்பு" என்று முடித்திருக்கிறார்கள். மண்ணில் ஈரம் எவ்வளவு குறைந்தால் மோட்டார் ஓடும், மழை வருகிற மாதிரி இருந்தால் என்ன செய்யும், ஒன்றுமே இல்லை. "இதுல புதுசு எதுங்க சார்?" என்று கேட்டேன். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் சார், முதல்ல பப்ளிஷ் ஆகட்டும்" என்றார் பேராசிரியர்.

அவர் கணக்கு அவருக்கு. சீக்கிரம் வெளியிடக் கேட்கும் ஃபார்ம் 9 போட்டால் விண்ணப்பம் 18 மாதம் காத்திருக்காமல் சீக்கிரமே வெளியாகிவிடும், கல்லூரிகளின் தேசியத் தரவரிசையில் வெளியான விண்ணப்பத்துக்கும் மதிப்பெண் உண்டு. ஆனால் வெளியாவதற்கு முன்னால் புதுமை இருக்கிறதா என்று யாரும் பரிசோதிப்பதில்லை. 2021இல் கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணத்தை 80 சதவீதம் குறைத்தார்கள், நல்ல எண்ணத்தில்தான், ஆன்லைனில் அடிப்படைத் தாக்கல் கட்டணம் 1,600 ரூபாய்க்கு வந்தது. இப்படிப்பட்ட ஃபைலுக்குப் பரிசோதனையும் கேட்டுவிட்டால், ஒரு எக்ஸாமினர் உட்கார்ந்து பிரையர் ஆர்ட், அதாவது ஏற்கெனவே வெளிவந்தவற்றை, தேடி எஃப்இஆர் எழுத வேண்டும், ஆறு மாதத்தில் பதில் போகாது, கைவிடப்பட்டதாக ஃபைல் மூடப்படும். பின்னால் வரிசையில் நிற்கிறவன் நிஜமாகவே எதையோ கண்டுபிடித்தவனாக இருக்கலாம்.

ஆபீஸ் பக்கமும் குறை இல்லாமல் இல்லை. கண்டுபிடிப்புப் படி இல்லை, அதாவது துறை தெரிந்தவருக்கு எளிதில் தோன்றக்கூடியதுதான் என்று நிராகரித்தால், பழைய ஆவணத்தில் என்ன இருக்கிறது, விண்ணப்பத்தில் என்ன இருக்கிறது, துறை தெரிந்தவருக்கு ஒன்றிலிருந்து மற்றது எப்படி எளிதில் தோன்றும் என்று மூன்றையும் எழுத வேண்டும் என 2022இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. எண்ணிக்கைக்காக ஓடுகிற இடத்தில் காரணம் எழுதத்தான் முதலில் நேரமில்லாமல் போகும்.

என்னைக் கேட்டால், கட்டணச் சலுகையை ரத்து செய்ய வேண்டாம், அதில் ஒரு பங்கை மட்டும் முதலில் நிறுத்தி வைத்து, எஃப்இஆருக்கு ஒழுங்காகப் பதில் போட்ட பிறகு திருப்பிக் கொடுக்கலாம். தரவரிசையில் வெளியானதற்கான மதிப்பெண்ணை எடுத்துவிட்டு, கிடைத்த பேட்டன்டுக்கு மட்டும் கொடுக்கலாம். இரண்டுக்கும் புது ஆளோ புது மென்பொருளோ தேவையில்லை, கல்லூரிகள்தான் கொஞ்சம் சத்தம் போடும்.