அப்பாவின் சர்வீஸ் புத்தகத்தில் இருந்த ஊர்

அப்பாவின் சர்வீஸ் புத்தகத்தில் ‘சொந்த ஊர்’ என்ற இடத்தில் குடியாத்தம் தாலுக்கா, வட ஆற்காடு ஜில்லா என்று எழுதியிருக்கும். ஆனால் அவர் பிறந்து வளர்ந்து, வேலை பார்த்து, கடைசியில் மார்ச்சளியால் இருமி இருமியே போய்ச் சேர்ந்தது எல்லாம் கோலார் தங்கவயலில்தான். குடியாத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து மைன்ஸ் வேலைக்குப் போனவர் அவருடைய தாத்தா. 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே தங்கம் தோண்டத் தொடங்கிய பிறகு, வட ஆற்காட்டிலிருந்து அப்படிப் போன குடும்பங்கள் ஏராளம். கர்நாடகத்துக்குள் இருந்தாலும் சுரங்கத் தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் பேச்சு, சண்டை, தாலாட்டு எல்லாமே தமிழ்.

2022 மே மாதம் நாங்கள் வேலூருக்கு வந்தோம். காட்பாடியில் வாடகை வீடு. நான், என் கணவர், ஏழாவது போக வேண்டிய மகன், அம்மா.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள். அதன்பிறகு எங்கள் ஊரே ரயிலில் வாழ ஆரம்பித்தது. விடியற்காலையில் மாரிகுப்பத்தில் ஏறினால் பெங்களூரு, ராத்திரி திரும்பினால் சாப்பாடு, தூக்கம். என் கணவரும் பல வருஷம் அப்படித்தான் ஓடினார். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பையன் அப்பாவின் முகத்தை வெளிச்சத்தில் பார்ப்பான். ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை கிடைத்ததும் சம்பளம் கொஞ்சம் குறைவு என்று தெரிந்தே சரி என்றோம். இப்போது சாயந்தரம் ஏழு மணிக்கு வீட்டில் இருக்கிறார். அது போதும் எனக்கு.

வந்தது கத்திரி வெயிலில். தங்கவயல் கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர். மே மாதத்திலும் ராத்திரி போர்வை தேடுவோம். இங்கே மின்விசிறி போட்டால் அடுப்படிக் காற்று மாதிரி இறங்குகிறது. முதல் வாரம் அம்மா சரியாகவே தூங்கவில்லை. பக்கத்து வீட்டு ஆயாதான் மதில் மேல் எட்டிப் பார்த்து, “சாயந்தரம் மாடியில நாலு கொடம் தண்ணி ஊத்து, அப்புறம் பாரு” என்றார். ஊற்றினோம். தரையிலிருந்து ஆவி கிளம்பியது, ஒரு மணி நேரம் கழித்து வீடு கொஞ்சம் அடங்கியது.

அந்த ஆயா அன்றைக்கே கேட்டார். “எந்தூரும்மா நீங்க?”

“தங்கவயல், ஆயா.”

“அங்க கன்னடம் இல்ல பேசுவாங்க? உன் பேச்சு நம்ம பக்கத்துப் பேச்சாவே கீதே!”

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ‘இன்னா’, ‘கீது’, ‘வந்துகினு’ என்று நாங்கள் பேசுவதை வெளியூர்க்காரர்கள் மைன்ஸ் தமிழ் என்பார்கள். அது மைன்ஸில் பிறந்தது இல்லை. எங்கள் பாட்டன் பூட்டன் மூட்டை கட்டும்போது இங்கிருந்து எடுத்துப் போனது.

காகித வேலைகளைப் பற்றி ஒரு வார்த்தை, மாநிலம் மாறுகிறவர்களுக்கு உதவும். ரேஷன் கார்டில் பெயரை நீக்கிய சான்றைப் பழைய ஊரிலேயே வாங்கிவிடுங்கள். நாங்கள் வாங்காமல் வந்து, அதற்காக மூன்று தடவை திரும்பிப் போனோம். பள்ளி மாற்றுச் சான்றிதழில் அங்கத்தைய கல்வி அதிகாரியின் மேலொப்பம் வேண்டும். வண்டிக்கு ஆட்சேபணையின்மைச் சான்று வாங்கி, இங்கே மறுபடியும் வரி கட்டி, கேஏ 08 என்ற எண்ணை டிஎன் 23 ஆக மாற்ற மாதங்கள் ஆயின.

பெரிய கஷ்டம் பையனுக்கு. தமிழ்நாட்டில் 2006-ஆம் வருஷச் சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். இவனோ கன்னடத்தை முதல் மொழியாகப் படித்தவன். வீட்டில் பொளந்து கட்டுவான், ஆனால் தமிழில் ஒரு எழுத்து தெரியாது. தமிழ் டீச்சர் கோபிக்கவில்லை. ஒன்றாம் வகுப்புப் புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்தனுப்பினார்.

முதல் நாள் ‘அம்மா’ எழுதச் சொன்னேன். ‘அ’ போட்டான், ‘மா’ போட்டான், அதன் காலடியில் குட்டியாக இன்னொரு ‘ம’ தொங்கவிட்டான். கன்னடத்தில் கூட்டெழுத்தின் இரண்டாவது எழுத்து அப்படித்தான் கீழே வரும். “மேல ஒரு புள்ளி வெச்சா போதுமா? கீழ ஒண்ணும் வேணாமா?” என்று இரண்டு தடவை கேட்டான்.

அடுத்தது ‘க’. கன்னடத்தில் அந்த வரிசையில் நாலு எழுத்து, நாலு சத்தம். இங்கே ஒன்றுதான். “காகம்னு எழுதியிருக்குது. முதல்ல ஒரு மாதிரி, ரெண்டாவது வேற மாதிரி படிக்கறே. எப்படிம்மா தெரியும்?” நான் யோசித்துப் பார்த்ததே இல்லை. “நீ பேசறயில்ல, அப்படியே படி, வாய்க்குத் தெரியும்” என்றேன். அவனுக்கு அது பதிலாகவே படவில்லை. ஒரு வாரம் நோட்டில் என்னவோ கிறுக்கிக்கொண்டே இருந்தான். அப்புறம் ஒருநாள் அடுப்படிக்கு ஓடி வந்து, “பக்கம், அக்கான்னு ரெட்டையா வந்தா அழுத்தம். தங்கம்னு ‘ங்’ முன்னாடி வந்தா மெதுவு. சரியா?” என்றான். இலக்கணம் படிக்காத என்னால் சரி என்று தலையாட்டத்தான் முடிந்தது. தோசை கருகியதைக்கூட கவனிக்கவில்லை.

அரையாண்டில் தமிழில் தேறவில்லை. முழு ஆண்டில் தேறினான்.

மறு வருஷம் வைகாசி முதல் தேதி, குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு அம்மா கிளம்ப வேண்டும் என்றார். அவர் அதைப் பார்த்ததே இல்லை. மாமியார் சொல்லக் கேட்டதுதான். பஸ் ஸ்டாண்டில் பையன் ஒவ்வொரு போர்டாகப் பார்த்துக்கொண்டே போனான். “கு-டி-யாத்-தம். ஆயா, இதுதான்!” அம்மா அவன் கையைப் பிடித்து முதலில் ஏறினார்.

கௌண்டன்ய ஆற்றங்கரைக் கோயிலை நோக்கி அம்மன் சிரசு மாலைகளுக்குள் புதைந்து, தோள்களின் மேல் மெல்ல நகர்ந்து வந்தது. வழியெல்லாம் தேங்காய் உடைக்கிற சத்தம். கோயிலில் அதை உடலோடு பொருத்தியதும் கூட்டம் ஒரே குரலாகக் கத்தியது. அம்மா கும்பிட்ட கையை இறக்கவே இல்லை.

பக்கத்தில் நின்றிருந்த வயசான பெண் வழிவிட்டு, “எந்தூரும்மா?” என்று கேட்டார்.

“இந்தப் பக்கம்தான்” என்றார் அம்மா. “கொஞ்ச காலம் மைன்ஸ்ல இருந்தோம்.”