வாசலில் நிற்கும் நேரம்

மார்ச் 4
பார்க்கின்சன் நோய் வந்த கையோடு சட்டைப் பொத்தானை இன்று அப்பாவே போட்டுக்கொண்டார். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விரல் துறுதுறுத்தது.

மார்ச் 5
மாத்திரை ஏழரைக்கு, இட்லி எட்டுக்கு. பருப்பும் முட்டையும் இனி ராத்திரிதான். புரதம் சேர்ந்தால் லெவோடோபா, அதாவது அவருடைய பார்க்கின்சன் மாத்திரை, சரியாக ஏறாதாம்.

மார்ச் 7
குளியலறை வாசலில் கால் ஒட்டிக்கொண்டது. பின்னால் நின்று அண்ணன் "சீக்கிரம்ப்பா, சீக்கிரம்ப்பா". சொல்லச் சொல்ல இன்னும் இறுகுகிறது. அவசரப்படுத்தினால் கால் உறைவது கூடும் என்று டாக்டர் முதல் நாளே சொன்னார். வாயால் சொல்லக்கூட வேண்டாம், எரிச்சலோடு பக்கத்தில் நின்றாலே அந்தக் காலுக்குத் தெரிந்துவிடுகிறது. ஆக, என் பொறுமையை யாரும் நல்ல குணம் என்று மெச்ச வேண்டாம். அதுவும் ஒரு மாத்திரை, வேளாவேளைக்கு வேண்டும்.

மார்ச் 8
தூக்கமில்லை.

மார்ச் 10
தோழி, நிதானமாகக் கவனிக்கப் பழக்கும் ஒரு பயிற்சி அனுப்பியிருக்கிறாள். 1979இல் மாசசூசெட்ஸில் ஜான் கபாட் ஜின், தீராத வலிக்காரர்களுக்காகத் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சியில் வருவதாம். ஒரே ஒரு உலர்திராட்சை. பார், முகர், காதருகே உருட்டு, அப்புறம்தான் மெல்லு. முகர்வதற்குள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டேன். இன்னொன்று, 45 நிமிடம் படுத்தபடி கால்விரலிலிருந்து தலைவரை உடம்பைக் கவனிப்பது. இந்த வீட்டில் யாருக்கு இருக்கிறது 45 நிமிடம்? அப்பா வாசலில் நிற்கிற நேரம்தான் எனக்கு மிச்சம். சரி, அதையே எடுத்துக்கொள்கிறேன்.

மார்ச் 13
பாதம். தரையின் சில்லிப்பு. மூச்சு. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், எரிச்சல் முதலில் தாடைக்குத்தான் வருகிறது. தளர்த்தினேன். அப்பாவின் கால் நகர்ந்தது. என்னாலா, மாத்திரையாலா?

மார்ச் 14
அண்ணன் தரையில் குறுக்குக் குறுக்காகக் கலர் டேப் ஒட்டினான். "நட" என்றால் வராத கால், "கோட்டைத் தாண்டுங்கப்பா" என்றால் வருகிறது. பக்கத்து வீட்டுப் பெண் பாண்டி ஆட வரட்டுமா என்றாள். அப்பா சிரித்தார். முகம் அசையவில்லை, தோள் குலுங்கியது.

மார்ச் 17
ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்த சட்டை வாங்கலாம் என்கிறார் அண்ணி. நியாயம்தான். ஆனால் எனக்கு ஏன் இவ்வளவு கோபம்? மூச்சைக் கவனித்தேன். கோபம் அப்படியே இருந்தது. அப்பா காதில் விழாத மாதிரி மூன்றாவது பொத்தானில் இருந்தார்.

மார்ச் 19
மாத்திரை நாலு வேளையாகிறது. புது நேரம் எழுதி ஃபிரிஜ்ஜில் ஒட்ட வேண்டும். அண்ணனிடமும் சொல்ல வேண்டும், குளியலறைக்கு வெளியே அவன்...