போகியில் தப்பிய கட்டை

14-1-2024, ஞாயிறு

போகி. விடியற்காலை ஐந்து மணிக்கே தெருமுனையில் நெருப்பு. பழைய பாய், ஓட்டை முறம், உடைந்த நாற்காலி எல்லாம் குவிந்து கிடக்க, ஓரத்தில் இரண்டரை அடி நீள நிலைக்கால் துண்டு ஒன்று. நாலு அங்குலத்துக்கு மூன்று அங்குலம். நகத்தால் கீறி மோந்து பார்த்தேன். தேக்கு! “கரையான் பிடிச்சது சார், எரியட்டும் விடுங்க” என்றார் வீட்டுக்காரர். ஒரு முனையில் அரை அடி மட்டும்தான் அரித்திருந்தது. கேட்டு வாங்கிக்கொண்டேன்.

“ஊரெல்லாம் போகிக்குப் பழசைத் தூக்கிப் போடுது, நீங்க மட்டும் தூக்கிட்டு வர்றீங்க” என்றாள் மனைவி. நியாயம்தான்.

இதில் பலகையை இழைத்து வழுவழுப்பாக்கும் இழைப்புளி ஒன்று செய்ய வேண்டும். அதற்கு முன்னால், உளியைத் தட்ட ஒரு கொட்டாப்புளி, அதாவது மரச்சுத்தி.

20-1-2024, சனி

2018 நவம்பரில் கஜா புயல் மன்னார்குடிப் பக்கம் சாய்த்த மரங்களுக்குக் கணக்கில்லை. எங்கள் கொல்லைப் புளியமரமும் போனது. அப்போதே ஆசைப்பட்டு, பச்சைக் கிளையை வட்டமாக அறுத்து ஒரு கொட்டாப்புளி செய்தேன். மூன்றே வாரத்தில் நடுவிலிருந்து ஓரம் வரை விரல் நுழையும் அளவுக்குப் பிளந்துகொண்டது. காரணம் பிற்பாடுதான் புரிந்தது. மரம் காயும்போது வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நடுத்தண்டு உள்ளே இருக்கும் கட்டைக்கு எங்கேயாவது வாய் திறந்தே ஆகவேண்டும்.

அதனால் இந்த முறை, நடுவை விட்டு ஒதுக்கி அறுத்து, முனைகளில் பெயின்ட் அடித்து ஐந்து வருஷம் பரணில் போட்டிருந்த துண்டு. கறிக்கடைக்காரர்கள் வெட்டுக்கட்டைக்குப் புளியைத் தேடுவது ஏன் என்று உளி இறங்க மறுக்கும்போது தெரிகிறது. கைப்பிடித் துளை போட ஒரு நாள் முழுக்க ஆனது. இதில் வேடிக்கை, கொட்டாப்புளி செய்ய உளியைத் தட்டக் கொட்டாப்புளி வேண்டும். உடைந்த உலக்கைத் துண்டை வைத்து ஒப்பேற்றினேன்.

துளை மேலே அகலம், கீழே குறுகல். பிக்காசுக்குப் போடுவதுபோலக் கைப்பிடியை மேலிருந்து இறக்கினால், வீசும்போதெல்லாம் தலை தானாக இறுகும். ஆப்பும் வேண்டாம், ஆணியும் வேண்டாம்.

28-1-2024, ஞாயிறு

பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை நூலில் கட்டி நிலைக்கால் மேல் ஓட்டினேன். ஏழு இடத்தில் ஒட்டியது. ஏழு ஆணியையும் தோண்டி எடுத்த பிறகுதான் ரம்பத்தைத் தொட்டேன். மிச்சத் துண்டில் கோடு போட ஒரு மார்க்கிங் கேஜும் தேறியது: ஒரு கோல், அதில் ஓடும் ஒரு கட்டை, இறுக்க ஆப்பு, நுனியில் அரத்தால் கூராக்கிய ஆணி. ஒரு மணி நேர வேலை.

3-2-2024, சனி

எதிர்வீட்டு ஆசாரி காலையிலேயே வந்துவிட்டார். அவருடைய இழைப்புளி ஒரே கட்டையில் குடைந்தது. அவர் அப்பா கொடுத்தது. நான் செய்யப்போவது வேறு முறை. சைபீரியாவில் பிறந்து, சுவீடனில் தொழில் கற்று, 1981 முதல் கலிபோர்னியாவில் மரவேலை சொல்லிக்கொடுத்த ஜேம்ஸ் கிரெனோவ் பிரபலமாக்கியது. கட்டையின் இரு பக்கத்தையும் பலகையாக அறுத்து எடுத்துவிட வேண்டும். நடுக்கட்டையைச் சாய்வாக இரண்டாக அறுத்து, அலகு, அதாவது சீவும் தகடு, உட்காரும் சரிவை வெளியில் வைத்தே நேராக்கிக்கொண்டு, மறுபடி எல்லாவற்றையும் ஒட்ட வேண்டும். இருட்டுத் துளைக்குள் உளியைவிட்டுத் துழாவ வேண்டியதில்லை.

“அறுத்து ஒட்டினது இழைப்புளியா தம்பி?” என்றார்.

“குடையற அளவுக்கு எனக்குக் கை வராதுங்க ஐயா.”

“அதுவும் சரிதான்” என்று உடனே ஒப்புக்கொண்டார். கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

அலகு 50 மில்லிமீட்டர். பலகைகள், ரம்ப வாய், இழைப்பு எல்லாம் போக நடுக்கட்டை 52 நின்றது. அலகுச் சரிவு 45 பாகை, முன்சரிவு 60. இரண்டுமே மகளின் ஜியோமெட்ரி பாக்ஸில் இருந்தன. திங்கட்கிழமைக்குள் திருப்பித் தரவேண்டும் என்று உத்தரவு.

4-2-2024, ஞாயிறு

இன்று கெட்டது. தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, அதனால் தின்னரில் துடைத்துவிட்டு ஃபெவிகால் தடவினேன். அதுவரை சரி. கிளாம்ப் இல்லாததால் சைக்கிள் டியூபைக் கிழித்து இழுத்து இழுத்துச் சுற்றினேன். எல்லாச் சுற்றும் ஒரே பக்கமாக. பசை வழுவழுப்பில் பலகை சுற்றோடு சேர்ந்து நகர்ந்து, அலகை இறுக்கும் ஆப்பு முட்டி நிற்கிற குறுக்குக் கட்டைக்கான துளைகள் ஒன்றுக்கொன்று நேரில்லாமல் போய்விட்டன. பத்து நிமிஷத்துக்குள் கவனித்ததால், புதுக் கொட்டாப்புளிக்கு முதல் வேலை வந்தது: ஒட்டியதைத் தட்டிப் பிரிப்பது. ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்தேன்.

சாயங்காலம் ஆசாரி திண்ணையிலிருந்தே சொன்னார்: “மூலைக்கு ஒரு மூங்கில் ஆணி வச்சா நகருமா அது?” பழைய ஏணியிலிருந்து நாலு சிம்பு சீவி, கடைசியில் அறுத்து எறியப்போகும் ஓரங்களில் வைத்தேன். டியூபையும் ஒரு சுற்று இப்படி, ஒரு சுற்று அப்படி. நகரவில்லை.

11-2-2024, ஞாயிறு

அலகு பழைய இரும்புக் கடையில் 80 ரூபாய்க்கு எடுத்தது. துருவுக்குக் கீழே ஷெஃபீல்ட் முத்திரை. சாணை பிடிக்கப் பிடிக்கச் சரிவில் ஒரு கோடு தெளிந்து வந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் மங்கலான மெத்து இரும்பு, அந்தப் பக்கம் பளபளவென்று மெல்லிய எஃகு. இரண்டையும் உலையில் சேர்த்து அடித்திருக்கிறார்கள். ரொம்ப நேரம் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

18-2-2024, ஞாயிறு

குறுக்குக் கட்டை, வண்டிச் சக்கரத்தின் உடைந்த ஆரக்காலிலிருந்து. கருவேலம். நடுவில் சதுரம், இரு முனையும் உருண்டை. அதனால் ஆப்பு எந்தச் சாய்வில் வந்தாலும் திரும்பிக்கொடுத்து முழுக்கப் படிகிறது. ரோமானியர் காலத்து இழைப்புளியிலும் ஆப்புக்கு இப்படிக் குறுக்குக் கம்பிதான். கிரெனோவுக்கு முன்னால் எத்தனை பேர்!

அடிப்பக்கத்தில் பென்சிலால் கட்டம் போட்டு, சமையல் மேடைக்கு வாங்கி மிஞ்சிய கிரானைட்டில் உப்புத்தாளை விரித்துத் தேய்த்தேன். அலகை ஆப்பு வைத்து இறுக்கி, நுனியை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டுதான் தேய்க்க வேண்டும். ஆப்பின் அழுத்தத்தில் கட்டை ஒரு மயிரளவு வளையும். அடியில் அலகு நுனி எட்டிப்பார்க்கும் பிளவுதான் வாய். அதை முதலில் மூடினாற்போல வைத்திருந்தேன். அடி தேயத் தேய அது திறந்துகொண்டே வரும். இங்கேதான் கை நிற்கவில்லை. “இன்னும் நாலு தேய்ப்பு” என்று நாலு நாலாகப் போய், வாய் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் திறந்துவிட்டது. பாதி போதும்.

25-2-2024, ஞாயிறு

முதல் தள்ளுக்கே அடைத்துக்கொண்டது. ஆப்பின் நுனி தடித்திருந்ததால் சுருள் அதில் முட்டி மடங்கி நெருக்கியது. நுனியைத் தாள் கனத்துக்குச் சீவினேன். பூவரசம் பலகையில் மறுபடி தள்ளினால், சர்ரென்று ஒரு முழ நீளச் சுருள், வாய்க்குமேல் எழுந்து சுருண்டு என் மணிக்கட்டில் விழுந்தது.

ஆசாரி அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். “கும்பகோணம் சீவல் இதைவிடக் கனமா இருக்கும்.” பிறகு கட்டையைக் கவிழ்த்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். “வாய் பெரிசு. நாரு எதிர்த்தா பிச்சுக்கும்.” பலகையைத் திருப்பிப் போட்டுத் தள்ளினார். பிய்த்துக்கொண்டது. வாய்க்கு முன்னால் கருவேலத் துண்டு ஒன்றைப் பதித்துக் குறுக்கச் சொன்னார். அடுத்த வாரம் செய்யவேண்டும்.

6-3-2024, புதன்

செய்ய முடியவில்லை. சனிக்கிழமை காலை ஆசாரி, “ரெண்டு நாளைக்குக் குடுங்க தம்பி, கதவு ஒண்ணு உரசுது” என்று வாங்கிப் போனார். இன்று கேட்டேன். இன்னும் ரெண்டு கதவு இருக்கிறதாம்.