பத்துக்கு எத்தனை?

"வலி பத்துக்கு மூணுன்னு போட்டுக்கோங்க மேடம். பெரிய டாக்டர் அவ்வளவு கஷ்டப்பட்டுப் பண்ணாரு" என்றார் அந்த அம்மா. சற்று முன்புதான், இன்னும் குழைந்த சாதத்தைத் தவிர எதையும் மெல்ல முடியவில்லை என்று சொல்லியிருந்தார்.

எங்கள் ஆய்வின் கேள்வி எளிது. தாடை மூட்டைக் கழுவிவிட்டால் போதுமா, கழுவியபின் அவரவர் ரத்தத்திலிருந்து பிரித்த பி.ஆர்.பி.யையும் (தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மா) செலுத்தினால் வலி இன்னும் குறையுமா? கழுவுவது புதிதல்ல. பூட்டிக்கொண்ட தாடைக்கு நிட்சான் குழுவினர் 1991-இலேயே விவரித்த முறை. மூட்டின் மேலறையில் இரண்டு ஊசிகள். ஒன்றில் ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசல் உள்ளே போகும், மற்றதில் வெளியே வரும். யாருக்கு எது என்று தெரியாமலிருக்க எல்லோரிடமும் ரத்தம் எடுத்தோம். அளப்பவள் என்பதால் எனக்கும் தெரியாது.

"டாக்டருக்காகச் சொல்லாதீங்கம்மா, உங்க வலியைச் சொல்லுங்க" என்றேன்.

"அப்ப நாலா?" என்று என் முகத்தைப் பார்த்தார்.

அதற்குமேல் கேட்கவில்லை. மூன்று என்றே எழுதினேன். நான்கு என் தூண்டுதலில் வந்தது. இரக்கப்பட்டு ஆறு என்று போட்டிருந்தால் அது அவர் வலியல்ல, என் ஊகம். இந்த மரியாதை இரு பிரிவிலும் ஒரேபோல இருக்கும், ஒப்பிடும்போது கழிந்துவிடும் என்றும் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

உண்மையில் கழியுமா? எல்லோரும் மரியாதைக்காக மூன்றுக்கு இறங்கிவிட்டால், இரண்டு சிகிச்சைக்கும் நடுவே வித்தியாசம் தெரிய இடம் எங்கே? வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் வருகிறார்கள். பலருக்கு அது தானாகவும் தணியும். இத்தனையும் சேர்ந்த இறக்கத்தை ஊசியின் கணக்கில் வைத்துவிடுவோமோ என்ற பயம் எனக்கு இன்னும் போகவில்லை. அந்த அம்மாவின் வாய் திறப்பு 27 மில்லிமீட்டரிலிருந்து 36 ஆகியிருந்தது. அதில் சந்தேகமில்லை. ஆனால் வாய் நன்றாகத் திறந்தும் வலியோடு இருப்பவர்களைத் தினமும் பார்க்கிறேன்.

இனி சாப்பாட்டைப் பற்றி விசாரித்துவிட்டு எண்ணைக் கேட்கலாமா என்று யோசித்தேன். நடுவில் முறையை மாற்றினால் முன்பு வந்தவர்களோடு ஒப்பிட முடியாது. கடைசிவரை அதே கேள்வியை அதே வார்த்தைகளில்தான் கேட்டேன். அது சரி என்றே இப்போதும் நம்புகிறேன்.

ஆய்வு ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த அம்மாவுக்கு மேற்கொண்டு ஏதாவது செய்ய வேண்டுமே என்று சிகிச்சை அளித்தவரிடம் போய்ச் சொன்னேன். அவர் படிவத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"வலி மூணுதானே போட்டிருக்கீங்க?"