நிரப்பித் தந்தாலும் நீயே அளந்து பார்
டைவிங் போகிறேன் என்று சொன்னால் மதுரையில் முதலில் வரும் கேள்வி, "ஆக்சிஜன் சிலிண்டர் எவ்வளவு நேரம் தாங்கும்?" என்பதுதான். பெரும்பாலும் அதில் இருப்பது நாம் இப்போது இழுக்கும் இதே காற்று. 21 சதவீதம் ஆக்சிஜன், மீதி கிட்டத்தட்ட எல்லாமே நைட்ரஜன்.

மேலூரில் இருக்கும் என் அக்கா மகன் அடுத்த மாதம் அந்தமானுக்கு நைட்ராக்ஸ், அதாவது ஆக்சிஜன் கூட்டிய காற்றில் டைவ் செய்யும் பயிற்சிக்குப் போகிறான். "32 சதவீதம் ஆக்சிஜன் மாமா, இன்னும் ஆழமாப் போகலாம்ல?" என்றான். நேர்மாறு. அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

அவர்கள் தோட்டத்துக் கிணற்றில் 10 மீட்டர் முங்கினாலே அழுத்தம் இரண்டு மடங்கு. 30 மீட்டரில் நான்கு மடங்கு. மூளைக்குக் கணக்கு சதவீதம் இல்லை. அந்த அழுத்தத்தில் ஆக்சிஜனின் பங்கு எவ்வளவு என்பதுதான். பள்ளியில் பகுதி அழுத்தம் என்று படித்தோமே, அதுதான். அதை பார் என்ற அலகில் அளப்பார்கள், கடல்மட்டத்தில் காற்றின் மொத்த அழுத்தம் சுமார் 1 பார். 1.4 பாரைத் தாண்டக் கூடாது என்பது டைவர்கள் வைத்திருக்கும் எல்லை. சாதாரணக் காற்றில் அது 56 மீட்டர் பக்கம் வரும். நைட்ராக்ஸ் 32 என்றால் 33 மீட்டரைத் தாண்டியதுமே வந்துவிடும். உடலில் ஏறும் நைட்ரஜன் குறைவதால் 20, 30 மீட்டரில் கூடுதல் நேரம் இருக்கலாம். நைட்ராக்ஸின் லாபம் அது.

எல்லை தாண்டினால் வலிப்பு. பிரெஞ்சு உடலியல் அறிஞர் பால் பெர்ட் 1878லேயே இதை எழுதிவிட்டார். உதடு துடிக்கும், காது இரையும், பார்வை குறுகும் என்று வகுப்பில் சொல்வார்கள். அதை நம்பி இருக்காதே என்று அவனிடம் அழுத்திச் சொன்னேன். எந்த அறிகுறியும் இல்லாமலே வரலாம். ஆஸ்பத்திரி அழுத்த அறையில் வந்தால், ஆக்சிஜன் முகமூடியைக் கழற்றினால் அடங்கிவிடும். தண்ணீருக்குள் வந்தால், மூச்சு இழுக்க வாயில் கவ்வியிருக்கும் ரெகுலேட்டர் நழுவும். அப்புறம் மூழ்கித்தான் சாவு.

ஆழம் போகிறவர்கள் ஆக்சிஜனைக் குறைக்கிறார்கள். நைட்ரஜனையும் குறைக்கிறார்கள், ஏனென்றால் 30 மீட்டருக்குக் கீழே அது போதை ஏற்றும். அந்த இடத்தை ஹீலியம் நிரப்புகிறது, அதுதான் டிரைமிக்ஸ். 10 சதவீத ஆக்சிஜன் கலவையைப் படகில் உட்கார்ந்து இழுத்தால் மயக்கம் வந்துவிடும். அதே கலவை 100 மீட்டரில் 1.1 பார் தரும், தாராளம். எந்தக் கலவையும் எல்லா ஆழத்துக்கும் ஆகாது.

அதனால் தம்பி, நிரப்பித் தருகிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, சிலிண்டரை நீயே அனலைசரில், அதாவது ஆக்சிஜன் சதவீதம் காட்டும் கருவியில், அளந்து பார். முதலில் அது வெளிக்காற்றுக்கு 20.9 காட்டுகிறதா என்று சரிபார். ஆக்சிஜன் சதவீதம், அதிகபட்ச ஆழம், தேதி, உன் பெயர், எல்லாவற்றையும் டேப்பில் எழுதி ஒட்டு. இதைச் செய்ய விடாத படகில் ஏறாதே. கட்டிய பணம் போனால் போகட்டும், மாமா தருகிறேன்.