ரேஸ் தெருப் படிக்கட்டு

9 செப்டம்பர் 2023, சனி

காலையில் ஃபிண்ட்லே சந்தைக்குப் போய் வெண்டைக்காயும் பச்சை மிளகாயும் வாங்கி வந்தேன். 1850களில் தொடங்கிய சந்தை, இன்றும் அதே இடத்தில் நடக்கிறது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கிற இந்தச் சின்சினாட்டி நகரில் எனக்குப் பிடித்த முதல் இடம் அதுதான்.

திரும்பி வரும்போது எதிர்வீட்டுப் பாட்டி வழக்கம்போல வாசல்படியில் மெத்தை போட்டு உட்கார்ந்திருந்தார். பையை எட்டிப் பார்த்து, "வெண்டைக்காயா? வழவழப்பு போக என்ன செய்வாய்?" என்றார். புளி விடுவோம் என்றேன். அவர் தக்காளி போடுவாராம். அதிலேயே பதினைந்து நிமிடம் போய்விட்டது. இங்கே வீடுகளுக்குத் திண்ணை கிடையாது. தெருவை ஒட்டி மூன்று கல்படி, உடனே கதவு. அந்த மூன்று படிதான் திண்ணை.

13 செப்டம்பர், புதன்

"நீ இருக்கிற பேட்டைக்கு ஏன் ஓவர்-தி-ரைன் என்று பேர்? ரைன் ஜெர்மனியில்தானே ஓடுகிறது?" என்று தம்பி போனில் கேட்டான். 19ஆம் நூற்றாண்டில் இங்கே குடியேறியவர்களில் பெரும்பாலோர் ஜெர்மானியர்கள். நகரின் மையத்துக்கும் இந்தப் பேட்டைக்கும் நடுவில் ஒரு கால்வாய் ஓடியது. அதைத் தாண்டி வருவதை ரைனைத் தாண்டுவது என்று கேலியாகச் சொல்லப்போய் அதுவே பெயராகிவிட்டது. பிறகு கால்வாயை வற்றவைத்து, அந்தப் பள்ளத்தில் சுரங்க ரயில் பாதை தோண்டினார்கள். காசு தீர்ந்தது. மேலே சாலை போட்டு மூடிவிட்டார்கள். ஒரு ரயில்கூட ஓடாத சுரங்கம் சென்ட்ரல் பார்க்வேக்கு அடியில் இன்னும் இருக்கிறது.

24 செப்டம்பர், ஞாயிறு

வாஷிங்டன் பூங்காவில் சாயங்காலம் நல்ல கூட்டம். குழந்தைகள் நீரூற்றில் குதிக்கிறார்கள், எதிரே மியூசிக் ஹால் செங்கல் கோட்டை மாதிரி நிற்கிறது. எனக்கும் பிடித்துத்தான் இருக்கிறது, பொய் சொல்வானேன்.

2001 ஏப்ரலில் டிமதி தாமஸ் என்ற 19 வயதுக் கறுப்பின இளைஞனை ஒரு போலீஸ்காரர் இந்தப் பேட்டையில் சுட்டுக் கொன்றார். அவன் கையில் ஆயுதம் இல்லை. ஊர் கொந்தளித்தது. அப்புறம் 2003இல், பெரிய கம்பெனிகளின் பணத்தோடு 3சிடிசி என்ற மேம்பாட்டு நிறுவனம் வந்து, பாழடைந்த கட்டடங்களை வரிசையாக வாங்கிப் புதுப்பித்தது. 2012இல் பூங்காவும் புதிதானது, அடியில் கார் நிறுத்தும் தளத்தோடு. பழைய பூங்காவில் இருந்த நீச்சல் குளமும் கூடைப்பந்துத் திடலும் போய்விட்டன. பாட்டியின் மகன் அந்தக் குளத்தில்தான் நீந்தப் பழகினானாம்.

2 அக்டோபர், திங்கள்

எதிர்வீட்டுக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கட்டடம் கைமாறிவிட்டது, எல்லோரும் காலி செய்ய வேண்டும். பாட்டிக்கு எழுத்து ஒப்பந்தம் கிடையாது, மாதாமாதம் வாடகை கட்டி வந்தவர். ஒஹாயோவில் அப்படி இருப்பவர்களுக்கு 30 நாள் நோட்டீஸ் போதும்.

ஆறுதலாக ஏதோ உளறினேன். அவர் என் ஜன்னலைப் பார்த்தபடி, "உன் பின்பக்க அறை மழைக்கு இன்னும் ஒழுகுகிறதா?" என்றார். அங்கே ஒழுகாது, கூரையில் கண்ணாடி பதித்திருக்கிறது என்றேன். "அந்த ஓட்டைக்குக் கீழேதான் அவர்கள் வாளி வைத்திருப்பார்கள். நாலு பிள்ளைகள்."

வெளிச்சம் கொட்டுகிறது என்று ஏஜென்ட் பெருமையாகக் காட்டிய அறை அது. எனக்கு முன்னால் அங்கே யார் இருந்தார்கள் என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

14 அக்டோபர், சனி

பெட்டி கட்ட உதவினேன். பாட்டி பிறந்தது இங்கே இல்லை, பக்கத்துப் பேட்டையான வெஸ்ட் எண்டில். அங்கே கென்யன்-பார் என்ற பகுதியை நெடுஞ்சாலைக்கும் தொழிற்பேட்டைக்கும் என்று இடித்துத் தள்ளினார்கள். 25,000 பேருக்கு மேல் வீடிழந்தார்கள், அநேகமாக எல்லோரும் கறுப்பினத்தவர். இடிக்குமுன் நகராட்சி ஒவ்வொரு கட்டடத்தின் முன்னாலும் எண் பலகையோடு ஓர் ஆளை நிறுத்திப் படம் எடுத்தது. "எங்கள் வீட்டை எடுக்கும்போது அம்மா எங்களைப் படியிலிருந்து எழுந்து உள்ளே போகச் சொன்னாள். நாங்கள் போகவில்லை" என்றார். அந்தப் படத்தை அவர் பார்த்ததில்லையாம்.

இந்தத் தடவை சுவரை இடிக்க மாட்டார்கள். ஓவர்-தி-ரைன் 1983 முதல் வரலாற்றுச் சின்னங்களின் தேசியப் பட்டியலில் இருக்கிறது. செங்கல்லைத் துடைத்து, ஜன்னல் சட்டத்துக்குப் புது வர்ணம் அடிப்பார்கள்.

31 அக்டோபர், செவ்வாய்

பிரைஸ் ஹில்லில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மெத்தையை விட்டுவிட்டுப் போகிறாரே என்று எடுத்துக் கொடுத்தேன். "அங்கே படி மரத்தில், இது வேண்டாம்" என்றார். கடிதம் ஏதாவது வந்தால் எடுத்து வைக்கச் சொல்லி நம்பர் கொடுத்தார்.

4 நவம்பர், சனி

படியைச் சுற்றி ஆரஞ்சு வலை கட்டிவிட்டார்கள், தபால் பெட்டி வலைக்குள்ளே. கையை விட்டு எட்டிப் பார்த்தேன். மின்சார பில் ஒன்றும் பல் டாக்டர் விளம்பரம் ஒன்றும் இருந்தன. போன் செய்தேன். விளம்பரத்தையும் வைத்திரு என்றார்.